அடுத்தவர் வீட்டு நம்பர்

எல்லோருக்கும் அவள் சிஸ்டர்தான். படுத்த படுக்கையாகக் கிடந்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள், மருமகள்கள், மருந்துக் கடைக்காரர், பால் போடுகிறவர் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அக்கா என்று கூப்பிட வேண்டிய தங்கை ஒருத்தி இருந்தாள். அவளோ போனில் "ஏய், இருக்கியா" என்றுதான் ஆரம்பிப்பாள். அதுவும் ஏதாவது தேவை என்றால்தான்.

வீட்டோடு தங்கி நோயாளியைப் பார்த்துக்கொள்கிற வேலை. ஏஜென்சி எந்த வீட்டுக்கு அனுப்புகிறதோ அந்த வீட்டுக்குச் சக்கரம் ஒன்று கழன்ற பெட்டியை இழுத்துக்கொண்டு போவாள். பெட்டி நோயாளியின் கட்டிலுக்கு அடியில் இருக்கும். பக்கத்தில் ஒரு மடக்குக் கட்டில், அதுதான் அவளுக்கு. சில வீடுகளில் மூன்று மாதம், சிலவற்றில் நான்கு வருஷம். வேலை இரண்டு விதமாக முடியும். நோயாளி எழுந்து நடப்பார், அல்லது நடக்க மாட்டார். நடந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்ற வீடுகளில், குடும்பம் அழுது முடிப்பதற்குள் அவள் படுக்கை விரிப்புகளை உருவி, மிஞ்சிய மருந்துகளைக் கட்டி, வாடகைக்கு எடுத்த சக்கர நாற்காலியைத் திருப்பி அனுப்ப ஏற்பாடு செய்துவிடுவாள். அழுகிற வீட்டில் சம்பள பாக்கியைக் கேட்கவும் முடியாது, கேட்காமல் போகவும் முடியாது. முகத்தைக் கடுமையாக்காமல், தொண்டையைக் கனைத்து, மருமகனிடம் கேட்க வேண்டும். மகனிடம் கேட்டால் வேலைக்கு ஆகாது. இதெல்லாம் எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தருவதில்லை.

இப்படி வாழ்ந்ததில் ஒன்று நடந்திருந்தது. அவளுக்கென்று விலாசம் கிடையாது. எந்தப் படிவத்தை நீட்டினாலும் அப்போது எந்த வீட்டில் இருக்கிறாளோ அந்த வீட்டின் விலாசத்தை எழுதுவாள். போன் நம்பர் என்று கேட்டால் நோயாளியின் நம்பரைக் கொடுப்பாள். அந்தப் போன் எப்போதும் அவளுடைய மேலங்கிப் பையில்தானே கிடந்தது. ஏஜென்சியில் இருந்த எல்லாப் பெண்களும் அப்படித்தான் செய்தார்கள். அதைத் தப்பு என்று யாரும் சொன்னதில்லை.

அறுபது நெருங்கும்போது முட்டி பேச ஆரம்பித்தது. கடைசியாகப் பார்த்த வீட்டு வேலை முடிந்து ஏஜென்சி விடுதிக்கு வந்து சேர்ந்தாள். ஒரு நீளமான கூடத்தில் ஆறு கட்டில்கள். விளக்கை அணைத்தால் யாராவது போடுவார்கள். ஒருத்தி டியூட்டிக்குக் கிளம்புவாள், ஒருத்தி திரும்பி வருவாள், ஒருத்தி போர்வைக்குள் புருஷனோடு சண்டை போடுவாள். ஆறு பேருக்கு நடுவில் இருந்தும் அவளிடம் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. "சிஸ்டர், சார்ஜர் பிளக்கைக் கொஞ்சம் விட்டுக் கொடுங்க" என்பதைக் கேள்வியில் சேர்க்க முடியாது.

மேலங்கியைப் பிடித்துத் தைக்கக் கொடுத்த இடத்தில்தான் அந்த அறையைப் பார்த்தாள். கீழே தையல் கடை, மேலே முன்பக்கத்தில் அறை. தையல்காரம்மாவுக்குச் சொந்தமான கட்டடம். தெருவைப் பார்த்த ஜன்னல், ஒரு குழாய், சுவரில் பதித்த அலமாரி. அதையெல்லாம் அவள் ஒரு பார்வையோடு விட்டுவிட்டாள். கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்தது. அதைத்தான் போட்டுப் பார்த்தாள், எடுத்தாள், மறுபடி போட்டாள். வேலை செய்த எந்த வீட்டிலும் அவள் கதவைத் தாழிட்டதில்லை. நோயாளி இருக்கிற அறையைத் தாழிடக் கூடாது. குளிக்கப் போனால்கூடக் கதவை ஒருக்களித்து வைத்து, தண்ணீரை மெதுவாகத் திறந்து, ஒரு காதை வெளியே வைத்துக்கொண்டுதான் குளிக்க வேண்டும். முப்பது வருஷம் அப்படித்தான் குளித்தாள்.

"கொஞ்சம் இறுக்கமா இருக்கு. எண்ணெய் விட்டுத் தர்றேன்" என்றாள் தையல்காரம்மா.

"இறுக்கமாவே இருக்கட்டும்."

"இந்த மாசக் கடைசி வரைக்கும் உங்களுக்காக வச்சிருப்பேன், சிஸ்டர். அட்வான்ஸ் வந்துடணும். அதுக்கு மேல வச்சிருக்க நான் தர்ம சத்திரம் நடத்தல."

கையிருப்பு தங்கை வீட்டுக்காரரின் ஆபரேஷனுக்குப் போயிருந்தது. அது திரும்பி வரும் என்று தங்கையும் சொல்லவில்லை, இவளும் நினைக்கவில்லை. அட்வான்ஸுக்கு அவள் நம்பியிருந்தது வேறு ஒன்றை. ஏஜென்சி சம்பளத்தில் மாதா மாதம் வருமான வரி என்று கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். வரி கட்டுகிற அளவுக்கு அவளுக்கு வருமானம் கிடையாது. ஆகவே பிடித்ததை வரி ஆபீஸ் திருப்பித் தர வேண்டும். மூன்று வருஷத்துப் பிடித்தம். ஏஜென்சிக் கணக்குப்பிள்ளைதான் கணக்கைத் தாக்கல் செய்தார். "வந்துடும் சிஸ்டர், அரசாங்கப் பணம், நடந்துதான் வரும்" என்றார். அது வருவதற்குள் அவர் வேறு வேலைக்கு நடந்துவிட்டார்.

விடுதிக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. கம்ப்யூட்டரும் உண்டு. நடத்துகிறவள் நாற்பது வயதுக்காரி. பேனாவைக் கொண்டையில் செருகிக்கொண்டு அதையே ஊர் முழுக்கத் தேடுகிறவள். அவளிடம் போய் வரி நம்பரைக் கொடுத்தாள் சிஸ்டர்.

"அக்கா, பணத்தை எப்பவோ அனுப்பிட்டாங்களே."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான். உங்க பேங்கை வேற பேங்கோட சேத்தாங்க இல்ல, கணக்கு நம்பர் மாறிப்போச்சு. பழைய நம்பருக்கு அனுப்பியிருக்காங்க. அது வீடு பூட்டியிருக்குன்னு திரும்பிப் போயிடுச்சு. புது நம்பர் கொடுத்தா மறுபடி வரும். அஞ்சு நிமிஷ வேலை." தட்டினாள். "ஓடிபி போயிருக்கு பாருங்க."

சிஸ்டர் தன் போனைப் பார்த்தாள். ஒன்றும் இல்லை.

"கடைசி நம்பர் நாலு, ஒம்போதுன்னு முடியுது. உங்களுதுதானே?"

இல்லை. ஆனால் அந்த நம்பர் அவளுக்கு மனப்பாடம். ஸ்டோர்க்காரர் வீட்டு அம்மாவின் நம்பர். பக்கவாதம் வந்து நான்கு வருஷம் கிடந்து போன வருஷம் போய்ச் சேர்ந்த அம்மா. கணக்கைத் தாக்கல் செய்த மூன்று வருஷமும் சிஸ்டர் அந்த வீட்டில்தான் இருந்தாள். சொந்தமாக ஒரு போன் வாங்கியதே அங்கிருந்து வந்த பிறகுதான்.

"சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கணும்பாங்க" என்றாள் ஜெராக்ஸ்காரி. "இங்க பூசாரி யாரு?"

"அவங்க செத்துப் போயிட்டாங்க."

"நல்ல பூசாரியாத்தான் பிடிச்சீங்க. அந்தப் போனாவது உயிரோட இருக்கா?"

கூப்பிட்டுப் பார்த்தாள். முதல் மணி முடியுமுன் எடுத்துவிட்டார்கள்.

"யாரு, சிஸ்டரா?"

செத்துப் போன அம்மாவின் புருஷன். ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே மகள் வெளிநாட்டில். அவள் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவது அவருடைய சொந்தப் போனில். மனைவியின் போனுக்கு இனி யார் கூப்பிடப் போகிறார்கள்? ஆனாலும் சார்ஜ் போட்டு, மாதா மாதம் காசு போட்டு, அதை உயிரோடு வைத்திருந்தார்.

சிஸ்டர் விஷயத்தைச் சொன்னாள். ஒரு நம்பர் வரும், பத்து நிமிஷம்தான் அதுக்கு ஆயுசு, பார்த்துப் படிக்க வேண்டும்.

"இருங்க, கண்ணாடி எடுத்துட்டு வர்றேன்."

செருப்பு தேய்கிற சத்தம். இழுப்பறை திறக்கிற சத்தம். எந்த இழுப்பறை என்றுகூட அவளுக்குத் தெரிந்தது.

"ஐயா, டிவி மேல பாருங்க."

"இல்லையே."

"அப்ப பாத்ரூம் ஜன்னல்ல இருக்கும்."

கொஞ்ச நேரம் கழித்து, "ஆமா, இருக்கு. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"நாலு வருஷம் நான்தானே தேடிக் கொடுத்தேன்."

அவர் சிரித்தார். பிறகு மெசேஜைத் திறக்கிறேன் என்று எந்தப் பொத்தானையோ அமுக்கினார். லைன் போய்விட்டது. மறுபடி பிடிப்பதற்குள் பத்து நிமிஷம் முடிந்தது. அடுத்த முறை எதுவும் வரவில்லை என்றார். அதற்கடுத்த நாளும் வரவில்லை என்றார். ஜெராக்ஸ்காரி திரையைக் காட்டி, "போயிருக்குன்னு இங்க சொல்லுது, அக்கா. கல்லுல நார் உரிக்கற கதையா இருக்கே" என்றாள். அவள் காசு வாங்குவதையும் நிறுத்திவிட்டாள்.

ஓடிபி வரவில்லையே தவிர, பேச்சு வந்தது. ஒவ்வொரு முறையும் அவருக்குக் கேட்க ஒன்று இருந்தது. கம்பளிப் போர்வையை எதில் ஊற வைப்பது? சமையலறைக் குழாய் சொட்டுகிறது, அந்தப் பிளம்பர் நம்பர் எங்கே எழுதி வைத்தீர்கள்? காலையில் போடுகிற சின்ன வெள்ளை மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா? சிஸ்டர் பதில் சொன்னாள். முதலில் ஒரு வார்த்தையில் சொன்னாள். பிறகு பதில்கள் நீண்டன. கம்பளி ஊற வைக்கிற விஷயத்தில் இத்தனை சொல்ல இருக்கிறது என்று அவளுக்கே தெரியாது. விடுதிக்குத் திரும்பிப் படுத்த பிறகும், இன்னொன்றைச் சொல்லாமல் விட்டோமே, வெயிலில் போடக் கூடாதென்று சொல்லியிருக்கலாமே என்று தோன்றும்.

மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது தையல்காரம்மா சொல்லி அனுப்பினாள். புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று அறையைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது, கையில் பணத்தோடு. அதற்கு மேல் சிஸ்டர் போனை நம்பவில்லை. இரண்டு பஸ் மாறி நேரிலேயே போனாள்.

முடிந்த வீட்டுக்கு அவள் திரும்பிப் போவதில்லை. அது அவளே போட்டுக்கொண்ட சட்டம். போக ஆரம்பித்தால் ஒவ்வொரு வீடாக உட்கார்ந்து பழசைப் பேசிக்கொண்டிருக்க வேண்டியதுதான். அடுத்த நோயாளியைப் பார்க்க முடியாது. அதனால் அந்தத் தெரு முனையில் திரும்பும்போது கால் கொஞ்சம் தயங்கியது. முட்டி வலி என்று எடுத்துக்கொண்டாள்.

கதவு திறந்தே இருந்தது. அவர் வாசலிலேயே நின்றார். சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தார், பொத்தானை மட்டும் ஒன்று மாற்றிப் போட்டிருந்தார். கூடத்தில் அம்மாவின் கட்டில் அப்படியே கிடந்தது. காற்று மெத்தையின் மோட்டாரைக்கூட அகற்றவில்லை. வயர் சுருட்டி அதன் மேலேயே வைத்திருந்தது. கட்டிலின் மேல் துவைத்த துணிகள் மடித்து அடுக்கியிருந்தன. ஒரு ஆள் படுக்கிற நீளத்துக்கு. மருந்துத் தட்டில் அவருடைய மாத்திரைகளும் அம்மாவுடைய பழைய மாத்திரைகளும் ஒன்றாகக் கிடந்தன. அதைத்தான் அவள் முதலில் கவனித்தாள். இரண்டாவது அவருடைய கால்.

"உக்காருங்க, ஐயா. காலை நீட்டுங்க."

"டீ போட்டுட்டு வர்றேனே."

"டீ ஓடிப் போயிடாது."

கணுக்காலுக்கு மேல் கட்டை விரலால் அழுத்தி எடுத்தாள். பள்ளம் அப்படியே நின்றது. நிரம்ப நேரம் பிடித்தது.

"உப்பு போட்டுச் சாப்பிடறீங்க. ஹோட்டலா?"

"பேக்கரி."

"டாக்டரைப் பார்த்தீங்களா?"

"பார்க்கணும்."

"பார்க்கணும்னு சொல்றதுக்கு ஒரு டாக்டர் தேவையில்ல" என்றாள். பிறகு வந்த வேலையைக் கேட்டாள். "அம்மா போன் எங்க?"

சட்டைப் பையிலிருந்து எடுத்தார். ஒரு கைக்குட்டையில் சுற்றியிருந்தது. பொத்தான் போன். நடு எழுத்துகள் அம்மா அமுக்கி அமுக்கி அழிந்தவை. அது எப்படி வேலை செய்யும் என்று அவளைவிட யாருக்கும் தெரியாது. படுக்கையில் கிடந்தவளுக்கு அதில் வருகிற ஒவ்வொன்றையும் நான்கு வருஷம் வாசித்துக் காட்டியவள் அவள். படிக்காத மெசேஜுக்கு மூடின உறை, படித்த மெசேஜுக்குத் திறந்த உறை.

வரி ஆபீஸ் மெசேஜ்கள் வரிசையாக நின்றன. பணம் அனுப்பியது, பணம் திரும்பியது, வங்கிக் கணக்கைச் சரி செய்யுங்கள் என்று ஆறு மாதத்துக்கு முன் ஒன்று, அப்புறம் அதையே நினைவூட்டி ஒன்று, இன்னொன்று. அதற்கு மேல் இந்த இரண்டு வாரத்து ஓடிபிகள். ஒன்றுகூட விடாமல் எல்லாம் வந்திருந்தன. எல்லா உறைகளும் திறந்திருந்தன.

"எல்லாத்தையும் படிச்சிருக்கீங்க."

அவர் கட்டிலில் இருந்த துணியை எடுத்து மறுபடி மடித்தார். "படிச்சேன்."

"பணம் திரும்பிப் போன சங்கதி ஆறு மாசமா இந்தப் போன்ல உக்காந்திருக்கு."

"உங்க புது நம்பர் எனக்குத் தெரியாதே, சிஸ்டர்."

"ஏஜென்சி நம்பர் தெரியும். மாசா மாசம் பணம் கட்டினவர் நீங்க."

"தெரியும்."

"சரி, அதை விடுங்க. நான் கூப்பிட்ட பிறகு? வரல, வரலன்னு சொன்னீங்களே?"

அவர் துணியை அடுக்கில் வைத்தார். விளிம்பைச் சரி பார்த்தார். ஸ்டோரில் சரக்கு அடுக்கிய கை.

"முப்பது வருஷம் ஸ்டோர்ல உக்காந்தேன். ஒருத்தனுக்கு ஒரு பொருள் வேணும்னா பத்து தரம் வருவான். சார் சாப்பிட்டீங்களா, சார் வீட்ல எப்படி இருக்காங்கன்னு கேப்பான். பொருளைக் கையில கொடுத்துட்டோம்னு வைங்க, மறுநாள் எதிர்ல வந்தாலும் தெருவுக்கு அந்தப் பக்கம் போயிடுவான். மனுஷ சுபாவம் அது. நான் குத்தம் சொல்லல."

"நான் அப்படியா?"

"நீங்களும் போய் ஒரு வருஷம் ஆச்சு" என்றார். குரலில் குற்றச்சாட்டு இல்லை. சரக்கு இருப்பைச் சொல்வது போலச் சொன்னார்.

அவள் மருந்துத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவின் மாத்திரைகளைத் தனியே எடுத்துப் பிளாஸ்டிக் பையில் போட்டாள். அட்டைகள் கையில் படபடவென்று நொறுங்கின. அந்தச் சத்தத்திலேயே அவள் கோபம் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"எனக்கு ஒரு ரூம் பார்த்து வச்சிருக்கேன், ஐயா. என் வாழ்க்கையில முதல் ரூம். இந்தப் பணம்தான் அதுக்கு அட்வான்ஸ். இன்னும் ஒரு வாரத்துல கைய விட்டுப் போயிடும். நீங்க கண்ணாடியைத் தேடித் தேடி, கிட்டத்தட்ட போயே போச்சு."

அவருக்கு அது தெரியாது. முகம் கறுத்துவிட்டது. மோட்டார் வயரை எடுத்து மறுபடி சுருட்டினார்.

"ரூம்தானே. இங்க உள் ரூம் சும்மாத்தான் கிடக்கு. வாடகை எல்லாம் வேண்டாம்."

"மருந்து டப்பா இருக்கற வீட்ல எனக்கு ரூம் கிடையாது. டியூட்டிதான் உண்டு."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று அவளுக்குப் பட்டது. இந்த வீட்டில் படுத்தால் அவர் இருமுகிற இருமல் ஒவ்வொன்றுக்கும் அவள் எழுந்து உட்காருவாள். அவரும் அதைப் புரிந்துகொண்டார். மறுபடி கேட்கவில்லை.

போனைக் கொடுங்கள், நாளைக்குத் திருப்பிக் கொண்டுவருகிறேன் என்றாள். அவர் போனைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு செருப்பைத் தேடினார்.

"நானே வர்றேன்."

"கால் வீங்கியிருக்கு. ரெண்டு பஸ்."

"ஆட்டோ பிடிக்கலாம். கூலி என்னோடது. சரக்கு தாமதமானா, டெலிவரி ஸ்டோர் செலவு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை. பொத்தானைச் சரியாகப் போடச் சொன்னாள்.

ஜெராக்ஸ்காரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இவர்தான் பூசாரியா?"

"பிரசாதத்தை ரொம்ப நாளா கையிலேயே வச்சிட்டிருந்தவர்" என்றாள் சிஸ்டர்.

அவருக்கு நாற்காலி போட்டார்கள். கொண்டையிலிருந்த பேனாவை மூன்று இடத்தில் தேடிவிட்டு ஜெராக்ஸ்காரி தட்ட ஆரம்பித்தாள். அவர் மடியில் போனை வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சத்தம் வந்தது. கண்ணாடியை அவர் தேடவே இல்லை. அது மூக்கிலேயே இருந்தது. ஒவ்வொரு எண்ணாக, நடுவில் இடைவெளி விட்டு, முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து, சரக்கு எண் வாசிப்பது போல வாசித்தார். புதுக் கணக்கு பதிவானது. அஞ்சு நிமிஷ வேலை என்று ஜெராக்ஸ்காரி முதல் நாள் சொன்னது பொய் இல்லை.

"அக்கா, கையோட போன் நம்பரையும் மாத்திடலாமா? இல்லன்னா ஒவ்வொரு தடவையும் இவரைத் தூக்கிட்டு வரணும்."

ஜெராக்ஸ் மிஷின் மட்டும் யாருடைய காகிதத்தையோ துப்பிக்கொண்டிருந்தது. அவர் சுவரில் இருந்த விலைப் பட்டியலை அக்கறையாகப் படித்தார். கறுப்பு வெள்ளை ஒரு விலை, கலர் ஒரு விலை.

அடுத்தவர் வீட்டு நம்பரை எழுதி எழுதித்தான் இந்த வினை வந்தது. நம்பர் சொந்தமாக இல்லாதவளுக்கு ரூம் மட்டும் எப்படிச் சொந்தமாகும்?

"மாத்துங்க" என்றாள்.

அதற்கும் பழைய நம்பருக்கு ஒரு ஓடிபி வர வேண்டியிருந்தது. வந்தது. இந்தப் போனுக்கு அவள் பேரில் வருகிற கடைசி எண் அதுதான் என்று அவருக்குத் தெரியும். ஒரு எண்ணைத் தப்பாகச் சொன்னால் போதும், இன்னொரு நாள் கிடைக்கும். அவர் ஒன்றையும் தப்பாகச் சொல்லவில்லை. இரண்டு முறை வாசித்தார். சரியா என்று கேட்டார். சரி என்றதும் போனை அணைத்துக் கைக்குட்டையில் சுற்றினார்.

ஆட்டோவில் ஏற்றிவிடும்போது, "நாளைக்கு டாக்டர். உப்பு கூடாது. வெள்ளை மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னால" என்றாள்.

"முன்னால" என்றார் அவர். ஆட்டோ போய்விட்டது.

பணம் வந்தது. ஆனால் அது நடந்து வருகிற பணம் என்று கணக்குப்பிள்ளை சொன்னதை மறந்துவிடக் கூடாது. வந்து சேர்ந்தபோது அடுத்த மாதம் பிறந்து, முன் அறை ஜன்னலில் புது ஜோடியின் துணிகள் காய்ந்தன.

"சொன்ன தேதிக்கு மேலயும் ஒரு நாள் வச்சிருந்தேன், சிஸ்டர்" என்றாள் தையல்காரம்மா. அவள் மனசும் கேட்கவில்லை போலிருந்தது. "பின்னாடி ஒண்ணு இருக்கு. தட்டுமுட்டுச் சாமான் போட்டு வச்சிருந்தது, ஒழிச்சுத் தர்றேன். வாடகை கம்மி. வெளிச்சமும் கம்மி."

பார்த்தாள். ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். கையை நீட்டினால் தொடலாம். மூலையில் ஒரு குழாய். தாழ்ப்பாள் இருந்தது. இழுத்தால் லேசாக வந்தது. அது போதும் என்றாள்.

தங்கைக்குப் போன் செய்து சொன்னாள்.

"அப்படியா, நல்லது. பெரிய ரூமா? இவர் செக்கப்புக்கு வந்தா தங்கலாமா?"

"ஒரு ஆள் திரும்பிப் படுக்கற ரூம்."

"ஓ" என்றாள் தங்கை. அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று வைத்துவிட்டாள்.

பெட்டியை வைக்கக் கட்டிலுக்கு அடியில் குனிந்தவள், எதற்கு என்று நிமிர்ந்து, சுவரோரமாக, கண்ணில் படுகிற இடத்தில் வைத்தாள். தாழ்ப்பாளைப் போட்டாள். குழாயை முழுசாகத் திறந்து, தண்ணீர் தலையில் விழுகிற சத்தத்தில் வேறு எதுவும் கேட்காதபடி குளித்தாள். பிறகு சாப்பிட்டாள். முதல் வாய் நாக்கைச் சுட்டுவிட்டது. நோயாளிக்கு ஊட்டி, வாய் துடைத்து, சாய்த்துப் படுக்க வைத்த பிறகு ஆறிப் போனதைச் சாப்பிட்டுப் பழகிய நாக்கு. சூடு என்பதையே அது மறந்திருந்தது. ஊதி ஊதித் தின்று முடித்தாள்.

படுத்ததும் தூங்கிவிட்டாள். இரண்டு மணி நேரம் கழித்துக் கண் விழித்து, எழுந்து, அறை நடுவில் நின்றாள். கைகள் இரண்டும் முன்னால் நீண்டிருந்தன. ஒரு கை தோளுக்கு அடியில், ஒரு கை இடுப்புக்கு அடியில். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். புரட்டுவதற்கு அங்கே யாரும் இல்லை. சுவர் இருந்தது, பெட்டி இருந்தது. கைகளைக் கீழே போட்டாள். கீழே தையல் மிஷின் ஓடி, நின்று, ஓடியது. முன் அறையில் புது ஜோடி ஏதோ சொல்லிச் சிரித்தது. இவளைக் கூப்பிடுகிற குரல் எதுவும் அந்தக் கட்டடத்தில் இல்லை. இதைத்தானே கேட்டோம் என்று கட்டிலில் உட்கார்ந்தாள். காது மட்டும் இன்னும் சொன்ன பேச்சைக் கேட்காமல் வெளியே நின்றது.

அப்படியே எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாளோ, போன் அடித்தது. நாலு, ஒம்போது என்று முடிகிற நம்பர்.

"சிஸ்டரா? உங்களுக்கு ஒரு மெசேஜ் வந்திருக்கு."

வர முடியாது. நம்பரை மாற்றியாகிவிட்டது. கடைசி ஓடிபியை வாசித்தவரே அவர்தான். அவளுக்கு அது தெரியும், அது அவளுக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். போனுக்குக் காசு தீரப் போகிறது என்றோ, புது சலுகை என்றோ கம்பெனிக்காரன் எதையாவது அனுப்பியிருப்பான்.

"டாக்டரைப் பார்த்தீங்களா?" என்றாள்.

"பார்த்தேன். உப்பு கூடாதுன்னார். நீங்க சொன்னதையே சொல்லிட்டுக் காசு வாங்கிட்டார்."

"கால்?"

"வத்தியிருக்கு. அழுத்திப் பார்த்தேன், பள்ளம் சீக்கிரம் தூர்ந்துடுது."

"சரி. மெசேஜைப் படிங்க."

"இருங்க, கண்ணாடி எடுத்துட்டு வர்றேன்."

செருப்பு தேய்ந்தது. இழுப்பறை திறந்தது. சிஸ்டர் சுவரில் சாய்ந்து, முட்டிக்குக் கீழே தலையணையைக் கொடுத்துக்கொண்டாள்.

"மெதுவாத் தேடுங்க, ஐயா" என்றாள். "இதுக்கு பத்து நிமிஷக் கணக்கு கிடையாது."